இந்தக் குட்டி டெரியர்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது?

மழைக்கோட்டு:

வணக்கம். நாய் வளர்த்த அனுபவம் எனக்குக் கிடையாது, கேள்வி அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் இங்கிலாந்தின் வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதியில் நடக்கப் போயிருந்தோம். பேட்டர்டேல் என்ற ஊருக்கு மேலே, சிமெண்ட் இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிக் கட்டிய சுவர் ஒன்றின் ஓரத்தில் ஒரு பெரியவர் நின்று பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். காலடியில் ஒரு நாய். நாய் என்று சொல்லவே கொஞ்சம் யோசித்தேன், தேய்ந்துபோன நார் மிதியடியைச் சுருட்டி நான்கு கால் வைத்த மாதிரி இருந்தது. மூக்கின் மேல் பழைய தழும்பு, ஒரு காதின் நுனியைக் காணோம். மழை கொட்டுகிறது. எங்களோடு வந்த நண்பரின் லாப்ரடார் வழக்கம்போல வாலை ஆட்டிக்கொண்டு போய் நட்புக் கேட்டது, இது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரில் இரண்டு கற்களுக்கு நடுவே, தீப்பெட்டி நுழையும் அளவுக்கு ஒரு சந்து இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பெரியவரோடு நாங்கள் இருபது நிமிடம் பேசியிருப்போம். இருபது நிமிடமும் அதே சந்து. "உள்ளே என்ன?" என்று கேட்டேன். "போன வருஷம் ஒரு எலி இருந்தது" என்றார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த நாய் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அப்புறம்தான் கவனிக்கிறேன், இந்தச் சின்ன டெரியர் வைத்திருப்பவர்கள் எல்லோருமே கொஞ்சம் கிறுக்குப் பிடித்தவர்களாக இருக்கிறார்கள். அழகு இல்லை, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று அவர்களே சொல்கிறார்கள், ஆனால் அடுத்த நாயும் அதே இனம்தான் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே டெரியர் எச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் குழலுக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்குமே, அதுதான். அதுகூட டெரியர்தானா என்று உறுதியாகத் தெரியாது.

சரி, கேள்வி இதுதான். வேலைக்கென்றே வளர்த்த இந்தப் பழைய குட்டி இனங்களிடம் உண்மையில் என்ன ஈர்ப்பு? வீட்டில் ஒன்பது வயது மகள், சின்னத் தோட்டம், நானும் மனைவியும் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. எங்களுக்குச் சரிப்படுமா?


வடக்குமலை:

நீங்கள் பார்த்தது அநேகமாக ஃபெல் டெரியர், அல்லது அந்த ஊரின் பெயரையே கொண்ட பேட்டர்டேல். நாய் இனங்களைப் பதிவு செய்கிற பிரிட்டனின் கென்னல் கிளப் பேட்டர்டேலைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. அதை வளர்ப்பவர்களில் பலரும் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை, சேர்த்தால் நாய் கெட்டுப்போகும் என்பது அவர்கள் கட்சி. லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் குதிரை ஏறி வேட்டையாட முடியாது, செங்குத்து. அதனால் அங்கே வேட்டைக்காரர்கள் நடந்தே போனார்கள், நரி பாறைக் குவியலுக்குள் ஒளிந்தால் பின்னாலேயே நுழைவதற்கு இந்த மிதியடி தேவைப்பட்டது.

என்னிடம் இருப்பது பார்டர் டெரியர், இது மூன்றாவது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒட்டும் செவியட் மலைப்பக்கத்து நாய்.

ஈர்ப்பு என்ன என்று கேட்டீர்கள். பெயரிலேயே இருக்கிறது. லத்தீனில் டெர்ரா என்றால் மண், டெரியர் என்றால் மண்ணுக்குள் போகிறது. 1570-இல் ஜான் கையஸ் என்ற மருத்துவர் இந்த நாட்டு நாய்களைப் பற்றி எழுதியபோதே, வளைக்குள் புகுந்து நரியையும், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற விலங்கையும் கலங்கடிக்கிற நாய் என்று இதைத் தனியாகக் குறித்துவிட்டார். மற்ற வேலை நாய்களை யோசித்துப் பாருங்கள். ஆடு மேய்க்கிற கோலி இன நாய் ஒவ்வொரு நொடியும் மேய்ப்பரின் விசிலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். ரிட்ரீவர் பறவையை எடுத்துவந்து கையில் கொடுத்துவிட்டு அடுத்த உத்தரவுக்கு முகத்தைப் பார்க்கும். டெரியர் மட்டும் தரைக்கு அடியில், கும்மிருட்டில், தனியாக. மேலே மண்வெட்டியோடு நிற்கிறவனுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது, அவன் கத்தினாலும் அதற்குக் கேட்காது. முன்னே போவதா, பின்வாங்குவதா, நின்ற இடத்திலேயே நின்று குரைப்பதா, எல்லாமே அதன் முடிவு. தப்பாக முடிவெடுத்தது திரும்பி வரவில்லை. இப்படித் தலைமுறை தலைமுறையாக வடிகட்டி வந்த மூளை அது. அதனால்தான் இன்றைக்குப் பூங்காவில் நான் "வா" என்று கூப்பிட்டால் என் நாய் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்க்கிறது. வரலாமா என்று யோசிக்கிறது. அப்புறம் வருகிறது, பெரும்பாலும். அந்த ஒரு கணம்தான் எனக்கு இந்த நாயிடம் பிடித்தது. என் மனைவிக்குப் பிடிக்காததும் அதேதான்.

சின்ன உருவத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இது மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காகச் சின்னதாக்கிய நாய் இல்லை. வளையின் அளவுக்குத் தைத்த சட்டை. பார்டர் டெரியரின் இன வரையறையிலேயே, தோளுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடிக்க முடிய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கிராமத்துக் கண்காட்சிகளில் இதைப் பார்க்கலாம். நடுவர் பின்னாலிருந்து குனிந்து நாயின் முன்னங்காலை லேசாகத் தூக்கி, மார்பை இரண்டு கையாலும் வளைத்து, விரல் நுனிகள் அடியில் சந்திக்கிறதா என்று பார்ப்பார், அப்படியே அமுக்கியும் பார்ப்பார், விலாக்கூடு கொஞ்சம் இளகிக்கொடுக்கிறதா என்று. நரியின் மார்பளவு எதுவோ அதுதான் நாயின் மார்பளவும், தொழில்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு 14 அங்குலம். முகம் நீர்நாய் முகம் மாதிரி இருக்க வேண்டும் என்பதும் வரையறைதான், நான் சேர்த்துச் சொல்லவில்லை. தோல் தடித்து, தளர்வாக இருக்கும், பிடரியைப் பிடித்து இழுத்தால் கை நிறைய வரும், கடி பட்டாலும் தோலோடு போகட்டும் என்று. ஆண் நாய் அதிகபட்சம் 7 கிலோ. கால் மட்டும் உடம்புக்குக் கொஞ்சம் நீளம், குதிரைக்குப் பின்னால் நாள் முழுக்க ஓட வேண்டுமே.

ரோமத்தைக் கத்தரிக்கக் கூடாது, பிடுங்க வேண்டும். பயப்படாதீர்கள், வலிக்காது. வருஷத்துக்கு இரண்டு முறை மேல்ரோமம் செத்துத் தளர்ந்துவிடும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நாலு நாலு ரோமமாகப் பிடித்து வளர்ந்த திசையில் இழுத்தால் வெண்ணெயிலிருந்து வருவதுபோல வந்துவிடும். அடியில் மென்மையான உள்ரோமம் இருக்கும். நான் வாசற்படியில் உட்கார்ந்து செய்வேன், முதுகு முடிவதற்குள் நாய் தூங்கிவிடும். கடையில் கொடுத்து மெஷின் போட்டால் அடுத்த முறை பஞ்சு மாதிரி வளரும், நிறமும் வெளுக்கும், மழையில் நனைந்தால் காயாது. கரடுமுரடான ரோமம்தான் அந்த மழையில் உங்கள் மிதியடியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.


தகரப்பெட்டி:

எச்.எம்.வி. நாய் டெரியர்தான், கலப்பு. பெயர் நிப்பர். பிரிஸ்டலில் பிறந்தது 1884. வீட்டுக்கு வருகிறவர்களின் காலை வெடுக்கென்று கடிக்கிற பழக்கத்தால் அந்தப் பெயர். ஓவியர் பிரான்சிஸ் பராட் அந்தப் படத்தை வரைந்தபோது நாய் செத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தது. உலகத்திலேயே அமைதியான நாய் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நாய், கணுக்கால் கடிக்கிற நாய். அவ்வளவுதான், வேறு எதுவும் எனக்குத் தெரியாது. கடுகு சிறுத்தாலும் என்று யாராவது ஆரம்பிப்பதற்குள் போய்விடுகிறேன்.


ஒருமுறைபோதும்:

ஆஹா ஓஹோ என்று எழுதுவதற்கு நடுவே ஒரு மாற்றுக் குரல் இருக்கட்டும்.

நாங்கள் எட்டு வாரக் குட்டியாக ஒரு ஜாக் ரஸல் டெரியர் வாங்கினோம். இரண்டாம் மாடி வீடு. "சின்ன நாய், சின்ன வீட்டுக்குப் பொருத்தம்" என்று விற்றவர் சொன்னார், நாங்களும் நம்பினோம், அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, படிக்காமல் வாங்கியது நாங்கள். முதல் மாதம் சோபாவின் ஒரு கைப்பிடி. இரண்டாம் மாதம் தோண்ட மண் இல்லாததால் கம்பளத்தைத் தோண்டியது, ஒரே மூலையில், தினமும், அடியிலிருந்த பலகை தெரியும் வரை. தபால்காரர் வரும் நேரம் அதற்குக் கடிகாரத்தைவிட நன்றாகத் தெரியும். கீழ் வீட்டிலிருந்து மூன்று முறை கடிதம் வந்தது, மூன்றாவதில் "அன்புள்ள" இல்லை. கடைசியில் மகனின் வெள்ளெலி. கூண்டைத் திறந்தது மகன்தான், சுத்தம் செய்ய. நாய் ஒரே தாவல், ஒரே உலுக்கல், கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்த்து வாலை ஆட்டியது. அது தப்பு செய்யவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு உறுத்தல். இருநூறு வருஷமாக மனிதர்கள் அதனிடம் கேட்டதைத்தான் செய்தது. பாராட்டுக்காக நின்றது. நாங்கள் கத்தினோம்.

பதினோரு மாதத்தில் குதிரை லாயம் வைத்திருந்த ஒரு அம்மாவிடம் கொடுத்தோம். அங்கே நன்றாக இருந்தான் என்று கேள்வி. அவனைப் பற்றி இன்னும் பேசுகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் திரும்ப வேண்டாம்.


களத்துமேடு:

நான் யார்க்‌ஷரில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறேன். இந்த நாய்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பார்க்காமல் ஈர்ப்பு புரியாது.

குளிர்காலம் முடிகிற சமயம் தானியக் கொட்டகையைச் சுற்றி எலி வளையாக இருக்கும். பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் நான்கு டெரியர்களோடு வருவார்கள், சம்பளம் எதுவும் வாங்குவதில்லை, ஒரு டீ, நாய்களுக்குத் தண்ணீர். ரம்பத்தின் இன்ஜினில் ஒரு குழாயை மாட்டி வளைக்குள் புகை விடுவார்கள். விட்ட அரை நிமிடத்தில் எங்கெங்கிருந்தோ எலி வரும். அதற்கு முன்னால் இருக்கிற அந்த அரை நிமிடம்தான் முக்கியம். நான்கு நாய்களும் ஆளுக்கொரு ஓட்டையைத் தேர்ந்தெடுத்து, யாரும் சொல்லாமல், முன்னங்காலை மடக்கித் தலையைச் சாய்த்து நிற்கும். ஒரு சத்தம் வராது. உடம்பு மட்டும் நடுங்கும், குளிரில் நடுங்குவது போல. எலி வெளியே தலைநீட்டினால் பிடி, ஒரே உலுக்கல், கீழே போட்டுவிட்டு அடுத்தது. பூனை மாதிரி வைத்து விளையாடுவதெல்லாம் இல்லை, தின்பதும் இல்லை. எலிக்கு என்ன நடந்தது என்று தெரிவதற்குள் முடிந்துவிடும். அந்த நாலில் மிகச் சின்னது நார்ஃபோக் டெரியர் கலப்பு ஒன்று, பன்னிரண்டு வயதுக் கிழவி, பாதிப் பல் இல்லை. அவள் ஓடவே மாட்டாள். மற்ற மூன்றும் ஓடி ஓடிப் பிடிக்கும்போது கொட்டகையின் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள், கடைசியில் தப்பித்து வரும் எலியெல்லாம் அந்த மூலைக்குத்தான் வரும். எப்படித் தெரியும் என்று கேட்டால் அதன் சொந்தக்காரருக்கும் தெரியாது.

விஷம் வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் தென் இங்கிலாந்தில் ஹாம்ப்‌ஷர், பெர்க்‌ஷர் பக்கத்து எலிகளுக்கு ரத்தம் உறையாமல் தடுக்கிற அந்த விஷங்களில் பல வேலை செய்வதில்லை, மரபணுவிலேயே எதிர்ப்பு வந்துவிட்டது. அப்புறம் விஷம் தின்ற எலியைக் கூகை தின்றால் அதன் உடம்பிலும் ஏறும். நாய் கொன்ற எலியில் அந்தக் கணக்கே இல்லை.

ஒருமுறைபோதும், உங்கள் வெள்ளெலிக்கு என் வருத்தங்கள். ஆனால் நாயைக் குதிரை லாயத்துக்குக் கொடுத்தீர்களே, அது அந்த நாய்க்கு நீங்கள் செய்த பெரிய நல்லது. எலிக்கு எங்கே குறைச்சல் அங்கே.


தையல்நூல்:

கால்நடை மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். டெரியர் உள்ளே வந்தால் கையுறையைத் தேடுவோம் என்பது வாஸ்தவம், ஆனால் கையைக் கழுவும்போது சிரித்துக்கொண்டே கழுவுகிற நாயும் அதுதான். போன வாரம் ஒன்றை மூக்கில் தையல் போடக் கொண்டுவந்தார்கள், மயக்கம் தெளிந்த பத்தாவது நிமிடம் கூண்டுக் கதவின் தாழ்ப்பாளை ஆராய்ந்துகொண்டிருந்தது.

உடல்நலம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். ராயல் வெட்டினரி காலேஜ் 2022-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த நாட்டு நாய்களின் ஆயுள் எதிர்பார்ப்பைக் கணக்கிட்டார்கள். ஒப்பிட்ட இனங்களில் முதலிடம் ஜாக் ரஸலுக்கு, 12.7 வருஷம். கடைசியில் ஃபிரெஞ்ச் புல்டாக், 4.5 வருஷம். மூக்கு மூக்காக, கால் காலாக இருக்கிற நாய்க்கு மூச்சு விடுவதும் நடப்பதும் ஒரு பிரச்சினை இல்லை, பாதி விஷயம் அதுதான்.

ஆனால் குறை இல்லாத இனம் கிடையாது. ஜாக் ரஸல், பார்சன் ரஸல் வகைகளில் கண்ணின் லென்ஸ் இடம் நழுவும் ஒரு பரம்பரை நோய் உண்டு, கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும். இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது, குட்டியின் தாய் தகப்பன் இரண்டுக்கும் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், "எங்கள் நாய்களுக்கு அதெல்லாம் வராது" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பார்டரில் திடீரென்று உடம்பு விறைத்துத் தடுமாறுகிற ஒரு வகை உண்டு, நினைவு தப்பாது, வலிப்பு என்று நினைத்துப் பயந்து தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். கோதுமையிலுள்ள குளூட்டனோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது, உணவை மாற்றியதும் பல நாய்களுக்கு அடங்கிவிடும். பெட்லிங்டன் டெரியருக்குக் கல்லீரலில் செம்பு சேரும் நோய். எலி பிடிக்கும் நாய் என்றால் லெப்டோஸ்பைரோஸிஸ் தடுப்பூசியை ஒரு வருஷம்கூடத் தவறவிடாதீர்கள், எலி மூத்திரத்திலிருந்து வருவது, மனிதருக்கும் வரும்.


பச்சைவேலி:

ஒரு விஷயத்தை எல்லோரும் பூசி மெழுகுகிறீர்கள். "வேலை" "வேலை" என்று சொல்கிறோமே, அந்த வேலையில் முக்கால்வாசி நரியையும் பேட்ஜரையும் அவற்றின் வீட்டுக்குள்ளேயே போய்ச் சீண்டுவது. நாய்க்கும் மூஞ்சி கிழியும். மழைக்கோட்டு பார்த்த அந்தத் தழும்பு அழகுக்காக வந்ததில்லை. 1823-இல் லண்டனில் பில்லி என்ற நாயை ஒரு குழிக்குள் விட்டு ஐந்தரை நிமிடத்தில் 100 எலியைக் கொல்ல வைத்து அதன் மேல் பணம் கட்டினார்கள். இதையும் பாரம்பரியம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். நாயைப் பிடிக்கட்டும், அந்தப் பழங்காலத்தைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லையே.


களத்துமேடு:

பச்சைவேலி, பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் சட்டம் இருக்கிறது. பேட்ஜர் வளைக்குள் நாயை விடுவது குற்றம், 1992 சட்டம், அதில் பேச்சுக்கே இடமில்லை, செய்கிறவனை எங்கள் பக்கத்திலும் யாரும் மதிப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரியிலிருந்து நாய்களை விட்டு நரி வேட்டையாடுவதற்கும் தடை. மண்ணுக்குள் நாயை விடச் சட்டத்தில் ஒரு குறுகிய விலக்கு உண்டு, துப்பாக்கி வேட்டைக்காக வளர்க்கிற பறவைகளைக் காப்பாற்ற மட்டும், ஒரே ஒரு நாய், நிலத்துக்காரரின் எழுத்துபூர்வமான அனுமதி கையில் இருக்க வேண்டும். எலிக்கும் முயலுக்கும் தடை இல்லை. நான் சொன்னது முழுக்க எலி.

குழி, பந்தயம் பற்றி நீங்கள் சொன்னது சரி. பதில் இல்லை.


வடக்குமலை:

என் நாய் மூன்று தலைமுறையாக எந்த வளைக்குள்ளும் போனதில்லை. ஆசை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த ஆசைக்கு மணல் தொட்டி, பழைய துணி மூட்டைக்குள் ஒளித்த பிஸ்கட், மோப்ப விளையாட்டு, இவை போதும். நிஜ நரி தேவையில்லை, நிஜப் பிரச்சினை ஒன்று தேவை, தினமும்.


பழையபாதிரி:

ஜாக் ரஸல் என்று இத்தனை பேர் எழுதினீர்கள், அந்த ஆளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே.

ஜான் ரஸல், டெவனில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற ஊரின் பாதிரியார், 1795-இல் பிறந்து 1883-இல் இறந்தவர். பிரசங்கத்தைவிட வேட்டையில் நாட்டம் அதிகம். 1819-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது பக்கத்துக் கிராமத்தில் ஒரு பால்காரரிடம் ஒரு பெண் நாயைப் பார்த்து அங்கேயே வாங்கிவிட்டார். டிரம்ப் என்று பெயர் (தயவுசெய்து இந்த இழையை அரசியலாக்காதீர்கள்). வெள்ளை உடம்பு, இரண்டு கண்ணுக்கும் காதுக்கும் மேல் பழுப்புத் திட்டு, வால் அடியில் பென்னி காசளவு ஒரு புள்ளி. அவர் வகையின் ஆரம்பம் அவள்தான் என்பார்கள். ரஸலுக்கு நரியைக் கொல்கிற நாய் பிடிக்காது, உள்ளே நின்று குரைத்து வெளியே விரட்டுகிற நாய்தான் வேண்டும், நரி செத்துவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்ததே.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று. 1873-இல் கென்னல் கிளப் தொடங்கியபோது இவரும் அதில் உறுப்பினர். ஃபாக்ஸ் டெரியர் போட்டிகளுக்கு நடுவராகக்கூடப் போயிருக்கிறார். ஆனால் தன் நாய்களைப் போட்டிக்குக் கொண்டுபோனதில்லை. தன் நாய்க்கும் மேடை நாய்க்கும் உள்ள வித்தியாசம் காட்டு ரோஜாவுக்கும் தோட்ட ரோஜாவுக்கும் உள்ளது என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அந்தச் சண்டை நூறு வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1974-இல் பிரிட்டனில் ஜாக் ரஸல் கிளப் தொடங்கியவர்கள் கென்னல் கிளப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். நீண்ட கால் கொண்ட பார்சன் வகை 1990-இல் உள்ளே போனது, ஜாக் ரஸல் 2016-இல்தான்.

மேடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு சீலிஹாம் டெரியரின் கதை போதும். வேல்ஸில் கேப்டன் எட்வர்ட்ஸ் என்பவர் ஆண்டுக்கணக்கில் பொறுக்கி உருவாக்கிய முரட்டு வேலை நாய். அப்புறம் ரோமம் கூடிக்கூடி, தாடி நீண்டு, படங்களில் அழகாக இருந்தது. சினிமா இயக்குநர் ஹிட்ச்காக்கூட வைத்திருந்தார். 2008-இல் பிரிட்டனில் பதிவான சீலிஹாம் குட்டிகள் வெறும் 43. ஆண்டுக்கு 300-க்குக் கீழே பதிவானால் அழியும் நிலையிலுள்ள உள்நாட்டு இனம் என்று கென்னல் கிளப் பட்டியல் போடுகிறது, அதில் டெரியர்கள்தான் கூட்டமாக நிற்கின்றன, ஸ்கை, டாண்டி டின்மான்ட் என்று. என்னைக் கேட்டால் இந்த நாய்கள் அழிவதற்குக் காரணம் நரி வேட்டைத் தடை இல்லை, தினமும் ஒரு மணி நேரம் சீவ வேண்டிய நாயை யார் வாங்குவார்கள்? பேட்டர்டேல்காரர்கள் கிளப்புக்கு வராமல் முரண்டு பிடிப்பது வெறும் வீம்பு என்று நினைத்திருந்தேன், இப்போது அப்படி நினைப்பதில்லை.

ஈர்ப்பு என்ன என்ற கேள்விக்கு என் பதில் ஒரே வரி: இந்த நாய்க்குத் தன் அளவு தெரியாது. போதி என்ற ஜாக் ரஸல், துருவப் பயணி ரனுல்ஃப் ஃபைன்ஸின் பயணக் குழுவோடு 1979-லிருந்து 82 வரை உலகைச் சுற்றி வட துருவம், தென் துருவம் இரண்டுக்கும் போய்வந்தது. 1910-இல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டின் இறுதி ஊர்வலத்தில் சவப்பெட்டிக்குப் பின்னால் சீஸர் என்ற அவருடைய ஃபாக்ஸ் டெரியர் நடந்தது, அதற்கும் பின்னால்தான் ஐரோப்பாவின் ராஜாக்கள்.


மழைக்கோட்டு:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஒருமுறைபோதும் எழுதியதை மனைவி இரண்டு முறை படித்தாள். வெள்ளெலி எங்களிடம் இல்லை, வாங்கப்போவதும் இல்லை என்று வீட்டில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

போன சனிக்கிழமை பார்டர் வளர்க்கும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனோம். தாய் தகப்பன் சோதனைச் சான்றிதழ்களை நான் கேட்பதற்கு முன்னாலேயே மேசையில் எடுத்து வைத்தார். அப்புறம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார், நாங்கள் அவரை அல்ல, அவர் எங்களை. பகலில் எவ்வளவு நேரம் தனியாக இருக்கும், பக்கத்து வீட்டில் பூனை உண்டா, மகள் நாய் தூங்கும்போது தொந்தரவு செய்வாளா. வேலைக்கான நேர்முகத் தேர்வில்கூட நான் இவ்வளவு வியர்த்ததில்லை. நடுவில் தாய் நாய் வந்து என் ஷூவை முழுசாக மோந்து பார்த்தது, என்னைப் பார்க்கவில்லை, ஷூவை மட்டும், அப்புறம் போய்த் தோட்டத்துக் கொட்டகையின் அடியில் மூக்கை வைத்துப் படுத்துக்கொண்டது. "அங்கே ஏதாவது இருக்கிறதா?" என்று மகள் கேட்டாள். "மார்ச்சில் இருந்தது" என்றார் அந்த அம்மா. மகள் என்னைப் பார்த்தாள், நான் மனைவியைப் பார்த்தேன்.

குட்டி செப்டம்பரில் பிறக்கும், பட்டியலில் நாங்கள் நான்காவது. வடக்குமலை, ஒரு கேள்வி. தோட்ட வேலிக்கு அடியில் கம்பிவலை புதைக்கச் சொன்னார். எவ்வளவு ஆழம்?


வடக்குமலை:

ஒரு அடி.


ஒருமுறைபோதும்:

இரண்டு.


வடக்குமலை:

அவர் சொல்வதைக் கேளுங்கள்.